முதல் பந்தின் வேகம்

வேகத்தை அளக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது அமல்ராஜுக்குத் தெரியாது.

கைக்கு எட்டிய கோல்ஃப் மட்டை ஒன்றை எடுத்தார். கீழே கிடந்த பந்தைப் பார்த்து ஒரு வீச்சு. எதிரே கட்டியிருந்த வலையில் பந்து மோதிய சத்தத்தில் மகள் ரெனிதா செல்போனிலிருந்து நிமிர்ந்தாள்.

திரையில் மணிக்கு எழுபத்தொன்பது மைல் என்று விழுந்தது. அறுபத்தேழு வயதுக்கு அது நல்ல வேகம்.

"சூப்பர் சார்," என்றான் கடைக்காரன் திருமுருகன். "இன்னும் மூணு பந்து அடிங்க. வேகத்தைப் பார்த்துத்தான் மட்டைக்கு எந்தக் கம்பின்னு சொல்ல முடியும். வேகமா வீசறவங்களுக்கு விறைப்பான கம்பி. மெதுவா வீசறவங்களுக்கு வளையற கம்பி, அதுக்குப் பேரு சீனியர்."

"ஓ, இது ஆன்ல இருந்துச்சா?" என்றார் அமல்ராஜ்.

அடுத்த மூன்று பந்துகளையும் வேறு ஆள் மாதிரி நின்று அடித்தார். அறுபத்துநான்கு. அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று.

வேலப்பன்சாவடியில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கடை. கோல்ஃப் சாமான்கள் விற்பதோடு, ஆளுக்குத் தகுந்தபடி மட்டையில் கம்பி பொருத்தியும் கொடுப்பான் திருமுருகன். வருகிற பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வீசுவார்கள், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். சீனியர் கம்பி என்றால் முகம் சுண்டிவிடும். வேறு வழியில்லாமல் வாங்குகிறவர்களும் கம்பி மேல் இருக்கும் அந்த எழுத்தைச் சுரண்டிக் கொடு என்பார்கள்.

வேண்டுமென்றே மெதுவாக அடிப்பவரை இப்போதுதான் பார்க்கிறான்.

"முதல்ல அடிச்ச மாதிரியே அடிங்களேன் சார்."

"அது ஏதோ பட்டுடுச்சு தம்பி. எனக்கு சீனியர் போடுங்க."

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு?" என்றாள் ரெனிதா. "பிறந்தநாளுக்கு நல்லதா வாங்கித் தரலாம்னு லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"வயசாகுதும்மா."

"காலையில தண்ணி கேனை மூணாவது மாடிக்கு யாரு தூக்கிட்டு வந்தது?"

அமல்ராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. "தம்பி, இந்த சீனியர்ங்கற எழுத்து, பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாத மாதிரி கீழ்ப்பக்கம் திருப்பிப் பொருத்திடலாம் சார்."

"தெரியணும். மேல் பக்கமே இருக்கட்டும்."

திருமுருகனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. போட்டிகளில் இப்படிச் சிலர் உண்டு. முடியாதவர் மாதிரி வேஷம் போட்டு, எதிராளியை ஏமாற்றி ஜெயிக்கிறவர்கள். அமல்ராஜின் சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலை எட்டிப் பார்த்தது. கழுத்தில் இது வேறு, என்று நினைத்துக்கொண்டே ஆர்டரை எழுதினான்.

அடுத்த புதன்கிழமை மட்டைகளை வாங்க வந்தபோது அமல்ராஜ் தன் வயதுக்காரர் ஒருவரையும் அழைத்து வந்தார். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார் அவர்.

"இவன் மனோகரன். ஆவடியில ஒண்ணா வேலை பார்த்தோம். இருபத்தெட்டு வருஷமா என்கூட ஆடறவன்."

"ஆடினவன்னு சொல்லு," என்றார் மனோகரன். "நெஞ்சுல ஆபரேஷன் ஆயி அஞ்சு மாசம் ஆவுது தம்பி. ஆடலாம்னுதான் டாக்டர் சொல்றாரு. ஆனா நான் அடிச்சா பந்து காலாண்டையே குந்திக்கினு கீது. இவன் இன்னாடான்னா வளையற கம்பி வாங்குன்றான். கெயவன் கம்பி. அதைத் தூக்கிகினு கிரவுண்டுக்குப் போனா எவன் மதிப்பான்?"

"நானே அதைத்தானே வாங்கியிருக்கேன். எழுத்தைப் பாரு."

மனோகரன் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அமல்ராஜின் முகத்தையும் பார்த்தார்.

"கதை வுடாத மாமே. உனக்கா கை ஓயும்? எனக்கோசரம் பாவம் பார்த்து வாங்கினியா? அப்டின்னா இப்பவே சொல்லிடு. நான் ஊட்டுக்குப் போறேன். இனிமே கிரவுண்டு பக்கமே வரமாட்டேன்."

அமல்ராஜ் கம்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மனோகரன் திருமுருகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவன் அடிச்சதெல்லாம் உன் மெஷின்ல இருக்குமில்ல? காட்டு."

அமல்ராஜ் ஜன்னலுக்குப் போய் நின்றார். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கையிலிருந்த கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

திருமுருகன் அவருடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் சார், தேடணும்," என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். தேடி எடுத்து, திரையை மனோகரன் பக்கம் திருப்பி வைத்தான்.

மனோகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அறுபத்திநாலு. அறுபத்திரெண்டு. அறுபத்திமூணு." திரும்பவும் ஒரு தடவை படித்தார்.

"அடப்பாவி. நீயும் கெயவனாயிட்டியா?"

குரலில் அத்தனை சந்தோஷம்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வலைக்கு முன்னால் போய் நின்றார். "எனக்கும் அளவு எடு தம்பி. எழுத்து மேலயே இருக்கட்டும். அமலு, சனிக்கெயம எத்தினி மணிக்கு?"

"ஆறு மணிக்கு," என்றார் அமல்ராஜ். அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் அடித்தது நான்கு பந்துகள். திரையில் மூன்று எண்கள்தான் இருந்தன.