கேட் செக்

ஒளிப்பதிவாளன் அவன்; காது கேமராவை ஒட்டியிருந்தது. அதனால் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று மாறியது. உள்ளே எதுவோ நறநறவென்று அரைபட்டது.

நிறுத்தச் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள், குவாரி உச்சியிலிருந்து கன்னியப்பன் குதித்துவிட்டான்.

கதாநாயகிக்கு டூப். அதே மஞ்சள் புடவை, இடுப்புவரை சவுரி. மீசையைக் காலையில்தான் மழித்திருந்தான்.

அடுக்கிய அட்டைப்பெட்டிகளின் நடுவில் விழ வேண்டியவன் ஓரத்தில் விழுந்தான்.

எழுந்தான். கையை ஆட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள்.

லென்ஸில் பார்த்தவனுக்குத்தான் தெரிந்தது. கன்னியப்பன் இடது காலை ஊன்றவில்லை.

ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கேமராவைத் திறந்து, பிலிம் ஓடும் கேட்டில் தூசி, முடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் சொல்வதுதான் தீர்ப்பு. மற்றவர்களுக்கு லேபில் கழுவி வந்தால்தான் படம் தெரியும்.

திறந்தான்.

பிலிம் கிழிந்து விசிறி மடிப்பாகச் சுருண்டு கிடந்தது. கன்னியப்பன் குதித்தது எதிலும் இல்லை.

ராகுகாலம் தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒரே பறப்பு. தேங்காய் உடைத்தார்கள். கேமராவுக்குச் சந்தனம் வைத்தார்கள். பிலிமைத் தளர வளைத்து மாட்ட வேண்டிய அவன், இழுத்து மாட்டிவிட்டான். பதறாத காரியம் சிதறாது என்று உதவியாளர்களுக்குப் பாடம் நடத்துகிறவன்.

தனியாக ஒளிப்பதிவு செய்யும் முதல் படம்.

"என்னய்யா, கேட் எப்படி? சரியில்லன்னா சொல்லு, இன்னொரு தடவ குதிக்கச் சொல்லிரலாம்" என்றார் இயக்குநர்.

கன்னியப்பன் அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் காலில்.

சொன்னால் ஏறிவிடுவான். அடிபட்டிருக்கிறது என்று தடுத்தாலும் இல்லையென்று சாதிப்பான். போன படத்தில் விரல் ஒடிந்ததை மறைத்துக்கொண்டு குதித்த ஆள்.

சொல்லாவிட்டால் நாலு நாளில் லேப் சொல்லிவிடும். அப்புறம் ஒளிப்பதிவுக்கு அவனை எந்தக் கம்பெனியும் கூப்பிடாது.

தப்பு அவனுடையது. அதற்குக் கன்னியப்பனின் கால் ஏன் போக வேண்டும்?

கேமராக் கதவை மூடினான்.

"கேட் கிளியர் சார்."

கன்னியப்பன் நொண்டிக்கொண்டே வந்தான். சவுரி கையில் இருந்தது. டூப்பின் முகம் தெரிந்துவிட்டால் ஷாட் வீண். அவன் கவலை அவனுக்கு.

"அண்ணே, என் மூஞ்சி எங்கயும் தெரிஞ்சிடலயே?"

"இல்ல கன்னியப்பா. தெரியாது."

அப்போதுதான் கன்னியப்பன் லென்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்லக் காலை நீட்டினான்.