கொடுத்தவள்

பல் டாக்டர் சின்னக் கண்ணாடியால் அவள் கன்னத்தை விலக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

வாய் எரிகிறதென்றுதான் வந்திருந்தாள். ரசத்தில் மிளகு ஒன்று கூடினாலும் கண்ணில் நீர் முட்டியது.

கன்னத்துக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். வலை பின்னினாற்போல.

“லைக்கன் பிளானஸ்னு பேரும்மா. ஒட்டுவாரொட்டி இல்ல. ஆனா சில பேருக்கு இதோட சேந்து ஈரல்லயும் ஒரு கிருமி இருக்கும். எதுக்கும் ரத்தம் பாத்துருவோம்.”

பார்த்தார்கள். இருந்தது. ஹெபடைட்டிஸ் சி.

மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம் என்றார் ஈரல் டாக்டர். பிறகு, எப்போதாவது ரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்டார்.

உண்டு. மகன் பிறந்தபோது.

உதிரப்போக்கு நிற்காமல் சில்லிட்டுக் கிடந்தாள். கல்யாணமாகாத பெண் ரத்தம் கொடுக்கலாமா என்று வீட்டில் எல்லோரும் தயங்கி நிற்க, நாத்தனார் தங்கபுஷ்பம் தானாகப் போய்க் கையை நீட்டினாள். கண் திறந்ததும் இவள் முதலில் பார்த்தது, புஷ்பத்தின் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைத்தான்.

அந்தக் காலத்தில் இந்தக் கிருமிக்குச் சோதனை கிடையாது.

“அதுலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா குடுத்தவங்களும் ஒரு தடவ பாத்துக்கணும். இது வெளிய தெரியாமலே ஈரலத் தின்னுரும்.”

பாளையங்கோட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கணவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுப் பங்குத் தகராறில் தங்கையின் பேச்சை அடியோடு விட்டவர். அவரோடு சேர்ந்து இவளும் விட்டிருந்தாள்.

“அவ குடுத்தது வேற எப்படி இருக்கும்?” என்றார்.

அந்த ரத்தம் இல்லாவிட்டால் மகன் தாய் முகம் தெரியாமல் வளர்ந்திருப்பான். அவருக்குத் தெரியாததா அது?

சொன்னால் பழி போடுவது போலாகும்.

சொல்லாமல் விட்டால்?

வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டாள். நம்பர் மாறியிருக்குமோ என்று சந்தேகமாக இருந்தது. இரண்டாவது மணி அடித்ததுமே எடுத்தாள் புஷ்பம்.

“மதினி.”

கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போயின.

“ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாரேன், புஷ்பம். நீயும் ஒரு தடவ அங்க வரணும்.”

அந்தப் பக்கம் ஏன் என்ற கேள்வியே இல்லை. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

“ரத்தம் வேணுமா மதினி? இப்பமே கெளம்பி வாரேன்.”