பைகளை இங்கே வைக்கவும்

“பொண்ணுக்குப் பேச்சு வருமா?”

போன மாசியில் பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள், கடித்த பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் கேட்டாள். வரும் என்று சொல்லக்கூட சாமுண்டீஸ்வரிக்கு வாய் எழவில்லை. வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

அது மூன்றாவது இடம். முடிச்சூரில் அவர்கள் தெரு அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அதனால்தான் நாலாவது இடத்தைத் தரகர் தட்சிணாமூர்த்தி வீட்டுக்கு அழைத்து வரவில்லை. கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதில்லையா, அதுபோல அவள் வேலை செய்யும் கடையிலேயே பார்க்கட்டும்; தெருவுக்குத் தெரியாது என்றுவிட்டார்.

காலையில் தலை பின்னும்போது அம்மா பச்சையம்மா சொல்லிச் சொல்லி அனுப்பினாள்.

“படப்பைக்காரங்க மத்தியானமா வராங்களாம். பையன் நல்ல ஒசரமாம், கண்ணாடி போட்டுகினு இருப்பானாம். புடிச்சிருந்தா அங்கியே பூ வெச்சிட்டுதான் போவாங்களாம். தலைய குனிஞ்சிகினே நிக்காதடி. வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசு, போதும்.”

மேற்குத் தாம்பரத்தில் புதிதாகத் திறந்த கடை அது. மெட்ராஸில் ஏற்கெனவே ஏழு கிளைகள். கேட்டு வாங்க வேண்டாம், வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். சூப்பர்வைசர் எலியேசர் சிங்கப்பூரில் இருந்தவர். அங்கெல்லாம் தெருமுனைக்குத் தெருமுனை இப்படி ஒன்று இருக்குமாம். எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும் அதே அலமாரி, அதே விளக்கு, அதே வார்த்தை.

சாமுண்டிக்கும் அவர் இரண்டு வாக்கியம் பழக்கியிருந்தார். யாராவது சாமானை மறைத்தால், ‘பில் போட்டாச்சா சார்?’ வெளியே போகிறவர்களிடம், ‘நன்றி, மறுபடியும் வாங்க.’

இரண்டையும் அவள் வீட்டுக் கிணற்றுக்குள் குனிந்து சொல்லிப் பார்த்திருக்கிறாள். கடையில் உதடு மட்டும்தான் அசையும்.

வாசலில் பைகளை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பதும், கடை முழுவதும் தெரியும்படி மூலையில் தொங்கும் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவள் வேலை. சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அவள் இடத்தில் உட்கார்ந்திருந்த பேபி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்தாள்.

“ஒரே ஒரு பைதான்க்கா கீது. அந்தம்மா கோயிலுன்னு நெனச்சிகினு செருப்ப வெளிய வுட்டுட்டு வந்துகீது!”

கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு. உள்ளே வெறுங்காலோடு ஓர் அம்மாள் அலமாரிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேபி சாப்பிடப் போன கையோடு அவன் வந்தான்.

நல்ல உயரம். கண்ணாடி. இஸ்திரி போட்ட சட்டையைப் பேன்டுக்குள் விட்டிருந்தான். கையில் பை இல்லை.

நுழைந்ததுமே அவளைப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள்.

சோப்பு அலமாரி அருகே நின்று மறுபடியும் பார்த்தான். மறுபடியும் குனிந்தாள். ‘குனியாதே’ என்றது அம்மாவின் குரல். கழுத்து கேட்கவில்லை.

“ஏம்மா, சேமியா எந்தப் பக்கம் கீது?” அந்த வெறுங்கால் அம்மாள்.

அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையைக் காட்டினாள்.

“நாமளே எடுத்துக்கலாமா? யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்களே?”

தலையாட்டினாள். நேரம் தெரியாமல் இந்த அம்மாள் வேறு.

“நீ சாப்டியாம்மா?”

அது அவள் காதில் சரியாக விழக்கூட இல்லை. வட்டக் கண்ணாடிக்குள் அவன் மூன்றாவது முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒரு சென்ட் பாட்டிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.



பில் போட்டாச்சா சார். மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

கேட்டால் எலியேசர் ஓடி வருவார். கூட்டம் கூடும். சட்டையை உதறச் சொல்வார்கள். நாலாவதும் போகும். தெருவுக்குச் சிரிக்கப் புதிதாக ஒன்று கிடைக்கும்.

பணம் கொடுக்க மறந்திருப்பானோ? பேசுகிறாளா என்று சோதிக்கிறானோ? கல்யாணத்துக்கு அப்புறம் சரியாகிவிடும் என்பாளோ அம்மா?

அவன் பில் போடும் இடத்தைத் தாண்டி நேராக அவளிடம் வந்தான்.

“வரட்டா?” என்று சிரித்தான்.

அவள் குனிந்தபடியே தலையாட்டினாள். கதவு திறந்து மூடியது.

நிமிர்ந்தபோது வட்டக் கண்ணாடிக்குள் அந்த அம்மாள் தெரிந்தாள். போனவனைப் பார்க்கவில்லை. சாமுண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

கையிலிருந்த சேமியா பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள். மெல்ல நடந்து வந்து டோக்கனை மேஜைமேல் வைத்தாள்.

சாமுண்டி அடித்தட்டிலிருந்து மஞ்சள் பையைத் தூக்கினாள். அடிப்பக்கம் சில்லென்று ஈரமாக இருந்தது. வாய் திறந்துகொண்ட பைக்குள் வாழையிலைப் பொட்டலம். அதிலிருந்து மல்லிகை வாசனை. பக்கத்தில் வெற்றிலை, புதுக் குங்குமச் சிமிழ்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நிறுத்தியிருந்த மொபெட்டின் பக்கத்தில், உயரமாக ஒருவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

அந்த அம்மாள் பைக்காகக் கையை நீட்டியபடி நின்றாள்.

சாமுண்டி பையை விடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். கடைக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவள் குரல் கணீரென்று வெளியே வந்தது.

“நன்றி, மறுபடியும் வாங்க.”

அந்த அம்மாள் பையை வாங்கிக்கொண்டாள். கதவைத் தள்ளி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மொபெட்டின் பக்கத்தில் நின்றவனிடம் போனாள்.