நிழல் இல்லாத அருவி

"உந்தப் பெரிய கார்டைத்தான் எனக்குப் பூட்டித் தாங்கோ" என்றார் தர்சன். ஹட்டன் வங்கியொன்றில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

கல்லாவில் நின்ற லோஜினி வாசலில் இருந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். இன்றோடு குட்டு உடைந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே அவளும் புருஷன் யோகேஸ்வரனும் நடத்துகிற கம்ப்யூட்டர் கடை அது. தீபாவளி வியாபாரத்துக்கு, கம்ப்யூட்டரில் கேம் ஓடவைக்கிற கிராபிக்ஸ் கார்டுகளில் சின்னதாகவே எடுப்போம், நம்ம ஆட்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மனுஷன் கேட்டால்தானே! 2004இல் வந்தவற்றிலேயே பெரிய கார்ட் ஒன்றில் கைமுதலைக் கொட்டிக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து, வாசல் கம்ப்யூட்டரில் பூட்டினான். பேருக்குக் கொஞ்சம் சின்னதும் வாங்கினான்.

வாசல் திரையில் கேம் ஒன்றின் அருவி ஓடியது. பிறந்ததிலிருந்து அருவிச் சத்தத்திலேயே கிடக்கிற ஜனம், கண்ணாடிக்குள் கொட்டுகிற தண்ணீரை வாய் பிளந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனது.

பிறகு ஆயுத பூசை வந்தது.

ஸ்குரூ டிரைவர், குறடு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், நாளைக்குச் சோறு போடப்போகிற பெரிய கார்டை மட்டும் விடுவதா என்று வாசல் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாள். குழைத்த சந்தனத்தை ஈரத்தோடு அதன் நடுவில் அப்பி, குங்குமமும் இட்டாள்.

யோகேஸ்வரன் கோயிலுக்குப் போயிருந்தான். சுவிட்சைப் போட்டதும் சட்டென்று ஒரு சத்தம், பின்னாலேயே புகை. பெரிய கார்டின் கதை அத்தோடு முடிந்தது.

அழுதுகொண்டிருந்தால் ஆகுமா? சின்னது ஒன்றை எடுத்து அந்த இடத்தில் பூட்டினாள். அருவி விக்கி விக்கி ஓடியது. கேமின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாறையின் நிழலை நிறுத்தினாள், நுரையைக் குறைத்தாள், அது தடங்கலில்லாமல் கொட்டும்வரை அவள் விடவில்லை.

புருஷனிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தாள். முகத்தைப் பார்த்ததும் பயந்து வேறெதையாவது பேசிவிட்டுப் போய்விடுவாள்.

இப்போது அந்தப் பெரிய கார்ட் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். பாவி, அதைத்தான் அவள் கொன்றுவிட்டாளே!

யோகேஸ்வரன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"ஏங்க, சார் நாளைக்கு வரட்டுமேங்க..." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மூடி கழன்றது. லோஜினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பெருசு எரிஞ்சு போச்சு சார். இம்புட்டு நேரமா நீங்க பாத்த அருவி, இந்தச் சின்னதுல ஓடுனதுதான். பாறைக்கு நெழல் கெடையாது, கவனிச்சீங்களா?"

அவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

தர்சன் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். "நான் கவனிக்கேல்லையே!" என்று சிரித்துவிட்டு, அந்தச் சின்னதிலேயே ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். வேடிக்கை பார்த்து நின்ற இரண்டு பேரும் அதையே கேட்டார்கள்.

கடை காலியானதும் லோஜினி கிட்டே வந்தாள். "எப்பங்க தெரியும்?"

"பூச அன்னிக்கு அந்திக்கே. மூடியத் தொறந்தேன், உள்ள ஒரே சந்தன வாசம்."

"அப்ப ஏங்க என்னயத் திட்டல?"

யோகேஸ்வரன் திருகாணியை முடுக்குவதிலேயே குறியாக இருந்தான். முடுக்கி முடிந்த பிறகும் தலையைத் தூக்கவில்லை.

"ஒன்ன எங்குட்டுப் புள்ள திட்டுறது? நீ சொன்னபடி சின்னதாவே வாங்கியிருந்தா இம்புட்டு நட்டம் வந்திருக்காதுல்ல. அத ஒங்கிட்டச் சொல்ல எனக்குத்தான் வாய் வரல."