ஒரே கூடம், இரண்டு கணினிகள்

அலுவலகத்தின் கனமான வேலைக்கு எந்த இயங்குதளம், விண்டோஸா, லினக்ஸா என்று சோதித்துச் சொல்வது அவன் பொறுப்பு. ஒரே மாதிரி இரண்டு கணினிகளில் ஒரே முப்பரிமாணப் படத்தை வரையவிடுவான். எப்போதும் தன் வீட்டுக் கூடத்தைத்தான் கொடுப்பான். மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த இடம், பிசகு உடனே கண்ணில் படும். ஆளில்லாத கூடம், ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

மனைவியைப் பறிகொடுத்தபின் அன்றுதான் வேலைக்கு வந்திருந்தான். லினக்ஸ் மதியத்துக்குள் முடித்தது. நாற்காலி மெத்தையில், யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி ஒரு குழி. விண்டோஸ் சாயங்காலம்தான் முடித்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள், தலையைச் சாய்த்து ஈரக்கூந்தலை உலர்த்தியபடி.

மறுநாளும் ஓட்டினான். வேகமானதில் குழி, மெதுவானதில் அவள். அவனுக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. பிசகு என்று குறித்துக்கொள்ளவும் இல்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, எது தேறுச்சு?"

"லினக்ஸ்தான் சார் வேகம்."

"அப்ப எல்லாத்துலயும் அதையே போட்டுடு. நாளைக்கு இன்னொன்ன அழிச்சிடலாம்."

"சரி சார்."

அவர் போனதும் விண்டோஸ் கணினியைத் திறந்து, ரேம் நினைவகத்தில் பாதியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அதே கூடத்தை இன்னும் மெதுவாக வரையவிட்டு, எதிரே உட்கார்ந்தான்.