ஈயம் கட்டாத வலை

அஞ்சம்மாளின் மகளுக்கு ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைந்திருந்தது. அதை நேரில் சொல்லத்தான் ஆராய்ச்சியாளர் நௌஷின் மண்டபத்தூருக்கு வந்திருந்தாள். வலையின் அடியில் கட்டும் குண்டுகளுக்காகச் சமையல் அடுப்பிலேயே ஈயம் உருக்கிய வீடு அது. போன தடவை அவள் சொன்னதைக் கேட்டு, இருந்த குண்டையெல்லாம் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

"நீ நல்லாருக்கணும் தாயி," என்று அஞ்சம்மாள் ஒரு கொடுவா மீனைப் பையில் போட்டு நீட்டினாள்.

"இப்ப வலைக்கு என்னக்கா கட்டுறீங்க?"

"ஒண்ணும் கட்டுறதில்ல. வந்து பாரு."

கரைக்குப் பக்கத்திலேயே அஞ்சம்மாளின் தம்பி வலை விட்டுக்கொண்டிருந்தான். கனமில்லாத வலை மிதந்து சுருண்டுவிடும் என்று நௌஷினுக்குத் தெரியும். இது நேராக இறங்கி நின்றது. அலை அடித்தும் மேலே மிதவைகள் அசையவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு கீழ புடிச்சிக்கிறாரு," என்றாள் அஞ்சம்மாள், சாதாரணமாக. "புள்ளன்னா அவருக்கு உசுரு."

அவர் போன ஐப்பசியில் கடலுக்குப் போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"நீயே சொல்லிரு தாயி. நாஞ் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைப்பாரு."

நௌஷின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கூச்சத்தோடு கடலைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, பாப்பாவுக்குப் பாதி கொறஞ்சிருச்சு."

அதுவரை அசையாதிருந்த மிதவைகள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்து மேலே வந்தன.