விழித்திருக்கும் விமானம்

லண்டனிலிருந்து டொரன்டோவுக்கு இரண்டு கம்பெனிகளின் விமானங்கள் போயின. ஒன்றில், ஏறியதும் எல்லோரையும் தூங்கவைத்து, இறங்கும்போதுதான் எழுப்புவார்கள். மற்றதில் எட்டு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். அதில் இப்போது அதிகம் பேர் ஏறுவதில்லை.

நிதுசன் இரவு வேலை முடித்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தான். அவன் மனைவி தர்மிகா ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பி, காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கலியாணமாகி ஒன்பது மாதமாக இருவரும் முகம் பார்ப்பது இந்தப் பத்து நிமிடம்தான். விடுமுறையும் ஒரே நாளில் வாய்த்ததில்லை. மற்றப் பேச்செல்லாம் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான்: பால் முடிஞ்சுது, குப்பை எடுத்து வையும்.

"டொரன்டோவில தம்பியின்ர கலியாணத்துக்கு நித்திரைப் பிளேனில புக் பண்ணட்டே? அலுப்பில்லாமப் போய் இறங்கலாம்," என்றான்.

தர்மிகா ஒற்றைச் சப்பாத்தோடு நிமிர்ந்தாள்.

"கலியாணம் முடிச்சதில இருந்து, நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளாவது எட்டு மணித்தியாலம் ஒண்டா முழிச்சிருந்திருக்கிறமே?"

நிதுசன் யோசித்துப் பார்த்தான். பிறகு போனை எடுத்து, மற்ற விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டாக இரண்டு எடுத்தான். 'படம் பார்க்கத் திரை வேண்டுமா?' என்று கேட்டதற்கு வேண்டாம் என்று அழுத்தினான்.

மறுநாள் மாலை வேலைக்குப் போகுமுன் பிரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டினான்: 'உமக்கு ஏன் நாயெண்டால் இவ்வளவு பயம்?'

காலையில் திரும்பி வந்தபோது, அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'பிளேனில சொல்லுறன்.'